அரைக்கம்பத்தில் நிற்காத கொடி

கல்முனைக்குடி
18.07.2024

என் அருமை மருமகள் நபீலாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ சுகம் என்று உன் உம்மா சொன்னா. உன் வயிற்றில் எழுந்தருளியிருக்கும் இளவரசரோ இளவரசியோ, அவரும் சுகம் என்று சொன்னா. நான் சுகமா என்று நீ கேட்கவில்லை. கேட்டதாக வைத்துக்கொண்டு சொல்கிறேன்: முழங்கால் இரண்டையும் தவிர மற்ற இடமெல்லாம் வாலிபம்.

எத்தனை தரம் கோல் எடுத்தும் நீ போனைத் தூக்கவில்லை. உன் மாப்பிள்ளை றம்ஸீனிடம் விசாரித்தால், "மாமா, அவ உங்களோட போன்ல கதைக்க மாட்டாவாம். எழுதச் சொன்னா. எழுத்தில எண்டா நீங்க கொஞ்சமாத்தான் புளுகுவீங்களாம்" என்கிறார். என்ன அநியாயம். என் வாயிலிருந்து பொய் வந்ததாக இந்தக் கடற்கரையில் ஒரு நண்டாவது சாட்சி சொல்லுமா?

சரி, எழுதுகிறேன். தபால் கந்தோருக்குள் நான் நுழைந்து முத்திரை கேட்டதும் அங்கிருந்த பிள்ளை எழுந்து நின்றுவிட்டது. இந்த நூற்றாண்டில் முத்திரை கேட்டு வந்த முதல் மனிதன் நான்தானாம்.

செய்தி பெரியது. வருகிற டிசம்பரோடு சுனாமிக் கடல் ஊருக்குள் வந்து இருபது வருடம். முகம்மது தம்பி ஹாஜியார் தலைமையில் நினைவுக் குழு கூடி, உங்கள் வளவிலே, உன் உம்மா தினமும் தேசியக் கொடி ஏற்றுகிற அந்தத் துருப்பிடித்த குழாய்க்குப் பக்கத்திலே, கொங்கிறீட் பீடத்தோடு புதிய கம்பம் நடத் தீர்மானித்திருக்கிறது. நாற்பது அடி என்கிறார்கள். எனக்கு நானூறு போலத்தான் படுகிறது. உச்சியில் ஏறி நின்றால் இந்தோனேசியாவில் யார் தேத்தண்ணி குடிக்கிறார்கள் என்று தெரியும். கொழும்பிலிருந்து பெரிய மனிதர் ஒருவர் வருவார், ஒலிபெருக்கி வரும், படம் பிடிக்கிறவர்கள் வருவார்கள். ஆனால் கயிற்றை இழுக்கப் போவது யார்? "நீங்கதான் காக்கா. உங்கட கொடிதானே" என்று ஹாஜியார் எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டார். அன்று முதல் எனக்குச் சட்டையெல்லாம் நெஞ்சுப் பக்கம் இறுக்கமாகிவிட்டது.

என் தங்கச்சி, அதுதான் உன் உம்மா, சுகம். நேற்று எனக்குத் தேத்தண்ணி ஊற்றும்போது கோப்பையை விட்டுவிட்டு மேசைக்கு ஊற்றினா. "என்ன உம்மு, மேசைக்கும் தாகமா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டுத் துடைத்தா.

இப்படிக்கு,
கிழக்குக் கடற்கரை முழுவதற்குமான கொடித் தளபதி,
உன் மாமா கச்சிமுகம்மது


தெஹிவளை
02.08.2024

அன்புள்ள மாமாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். முழங்காலுக்கு எண்ணெய் தடவுங்கள். நான் கட்டிலோடு கிடக்கிறேன். பிள்ளை பிறக்கும்வரை படியிறங்கவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். மற்றபடி சுகம்.

போனில் கதைத்தால் என்னைச் சிரிக்க வைத்துவிட்டு நீங்கள் வைத்துவிடுகிறீர்கள். பிறகுதான் நான் கேட்க நினைத்தது ஞாபகம் வருகிறது. அதனால்தான் எழுதச் சொன்னேன்.

மேசைக்குத் தாகம் இல்லை, மாமா. உம்மாவுக்குக் கண் தெரியாமல் போகிறது. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வந்தபோது டொக்டரிடம் காட்டிவிட்டு உங்களுக்கும் சொன்னேனே. கண்ணுக்குள் அழுத்தம். போன பார்வை திரும்பாது. மிச்சம் இருக்கிறதைக் காப்பாற்றலாம். அதற்குக் கொழும்பில் ஒப்பரேஷன் செய்ய வேண்டும், சுணங்கக் கூடாது. அதன் பிறகு றம்ஸீன் வானோடு வந்து கூப்பிட்டார். உம்மா கடப்படி வாசல் வரைக்கும் வந்து, "நான் போனா விடிஞ்சா யாரு கொடி ஏத்துற?" என்று கேட்டுவிட்டு வீட்டுக்குள் திரும்பிவிட்டா.

அந்தக் கொடி எப்படி வந்தது என்று ஊருக்கு மறந்திருக்கலாம். எனக்கு அப்போது பத்து வயது. தம்பி பஹ்மிக்கு நாலு. கடல் அவனை எடுத்துக்கொண்டுபோன மூன்றாம் நாள், உம்மா பச்சைத் தண்ணியும் குடிக்காமல் இடிந்த சுவரில் குந்தியிருந்தா. அவன் அந்தச் சுவர் முழுக்கச் சிங்கக் கொடி கீறி வைத்திருந்தவன். 'வாள் வச்ச பூனை' என்பான். நீங்கள் சேற்றில் கிடந்த ஒரு தேசியக் கொடியைத் தேடி எடுத்து, கழுவி, குழாயில் கட்டி நிறுத்தி, "அவன் எங்க கிடந்தாலும் இந்தப் பூனையக் கண்டா வந்திருவான் உம்மு. நீ சாப்பிடு" என்றீர்கள். உம்மா சாப்பிட்டா.

அன்றைக்கு அது சரி, மாமா. நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு டிசம்பரிலும் நாடெல்லாம் அரைக்கம்பத்தில் கொடியை விடுகிற நாளில், உம்மா மட்டும் உச்சிக்கு ஏற்றினா. அரைவாசியில் விட்டால் பஹ்மி மௌத்து, இனி வர மாட்டான் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும் என்பதற்காக. பேப்பர்காரர்கள் வந்து படம் எடுத்து, 'துக்கத்துக்குத் தலைகுனியாத கொடி' என்று போட்டார்கள். ஊர் அதை நம்பிவிட்டது. நீங்களும் நம்பிவிட்டீர்கள்.

அதை ஒரேயடியாக இறக்குங்கள். நீங்கள் சொன்னால்தான் உம்மா கேட்பா. டிசம்பரில் எனக்குப் பிள்ளை. அதன் முகத்தை உம்மா பார்க்க வேண்டும். வேறொன்றும் நான் கேட்கவில்லை.

அன்புடன்,
நபீலா


கல்முனைக்குடி
20.08.2024

மருமகளும், மாமனுக்குக் கட்டளை பிறப்பிக்கும் மகாராணியுமாகிய நபீலாவுக்கு,

ஸலாம். எண்ணெய் தடவினேன். முழங்கால் இப்போது வழுக்குகிறது, ஆனால் மடங்கவில்லை. நீ படுத்தே கிட. வெயில் இங்கே கோழி நடந்துபோகும்போதே பொரிந்துவிடுகிற அளவில் இருக்கிறது.

உன் உத்தரவு கைக்கெட்டியது. ஆனால் கொடி இறக்குவது சட்டியை அடுப்பிலிருந்து இறக்குகிற காரியமா? கடற்கரைப் பள்ளிவாசல் கொடியேற்றத்தில் என் வாப்பா காலம் தொட்டுக் கயிறு பிடித்த கை இது. ஏற்றின கொடியை, விழா நாள் முடியாமல், பாத்திஹா ஓதாமல் எங்கள் குடும்பத்தில் ஒருவரும் இறக்கினதில்லை. இது என்றைக்கு முடிகிற நாள்? யாருக்கென்று சொல்லிப் பாத்திஹா ஓதுகிறது? நீயே சொல்லு.

சரி, அதை விடு.

நான் முயற்சி செய்யாமலும் இல்லை. விடியச் சுபஹ் தொழுதுவிட்டு நேரே போய் நின்றேன். உன் உம்மா கயிற்றை இழுத்துக்கொண்டு நின்றா.

"உம்மு" என்றேன்.

"என்ன காக்கா?"

சிங்கம் போலத் தொண்டையைச் செருமினேன். காகமெல்லாம் எழும்பிப் பறந்தது. "புதுக் கம்பத்துக்கு வெள்ளை அடிக்கிறதா, சாம்பல் அடிக்கிறதா?" என்று கேட்டேன். அதுதான் வாயில் வந்தது.

"தூரத்தில இருந்து பாக்கிற ஆக்களுக்குத் தெரியிற நிறமா அடிங்க" என்றா.

கயிற்றைக் கட்டிவிட்டு, வழக்கம்போல அண்ணாந்து கொஞ்ச நேரம் நின்றா. அந்த நேரத்தில் உன் உம்மாவிடம் யாரும் எதுவும் கதைக்கிறதில்லை, உனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரி நாள் கிடைத்ததும் எழுது. மிச்சத்தை என்னிடம் விடு. யானை மேல் அம்பாரி கட்டியாவது கூட்டிவருவேன். வழியில் பதுளைக்காரர்கள் பெரஹர ஊர்வலம் என்று நினைத்துத் தேங்காய் உடைப்பார்கள்.

இப்படிக்கு,
கொடித் தளபதி, தற்போது கம்பத்துக்கு நிறம் தெரிவு செய்யும் பிரதம ஆலோசகர்,
உன் மாமா


தெஹிவளை
09.09.2024

அன்புள்ள மாமாவுக்கு,

ஸலாம். எனக்கும் பிள்ளைக்கும் சுகம். உங்கள் சுகம் எழுதுங்கள், கோழியின் சுகம் அல்ல.

நாள் கிடைத்துவிட்டது. ஒக்டோபர் பதினாலாம் திகதி காலை. முந்தின நாள் வான் வரும். நீங்கள் உம்மாவை அதில் ஏற்றிக்கொண்டு வந்தால் போதும், யானை வேண்டாம். இந்த நாளைத் தவறவிட்டால் அடுத்தது வருடம் பிறந்த பிறகுதான் என்கிறார்கள்.

திகதியை நான் உம்மாவிடம் சொல்லவில்லை. நான் கண்ணைப் பற்றித் தொடங்கினாலே 'ம்' என்றுவிட்டு, சாப்பிட்டியா, குளிச்சியா என்று பேச்சை மாற்றிவிடுகிறா. நேரம் பார்த்து நீங்களே சொல்லுங்கள். கொடியை இறக்கிவிட்டுச் சொல்லுங்கள். இறக்காமல் சொன்னால் வர மாட்டா.

பிள்ளைக்கு உம்மா தொட்டில் சேலை எடுத்து வைத்திருக்கிறாவாம். "என்ன நிறம் உம்மா?" என்று கேட்டேன். "மஞ்சளெண்டுதான் நினைக்கிறன்" என்றா.

நபீலா


கல்முனைக்குடி
29.10.2024

அன்பு மருமகள் நபீலாவுக்கு,

ஸலாம். சுகத்துக்குக் குறைவில்லை. கடிதம் சுணங்கியதற்கு ஆயிரம் காரணம் உண்டு. தொள்ளாயிரத்துச் சொச்சத்தை விட்டுவிடுகிறேன்.

வான் வந்தது உண்மை. திரும்பிப் போனதும் உண்மை. என்ன நடந்தது என்றால், அந்தக் கிழமைதான் பீடத்துக்குக் கொங்கிறீட் போட்டார்கள். கம்பம் எழும்புகிற அன்றைக்கு ஹாஜியார் வந்து, "காக்கா, உம்மு ராத்தா இல்லாம இருபத்தாறாம் திகதி எப்படி நடத்துற? அவதானே இந்தக் கொடிக்கு உயிர்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒப்பரேஷன் முடிந்தால் தூசு படக் கூடாது, வெயில் படக் கூடாது, மாதக் கணக்கில் அங்கேயே நிற்க வேண்டும் என்று பக்கத்து வீட்டுப் பஸ்லியா சொன்னா. நானும் யோசித்தேன். எல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒரு இரண்டு மாதம்தானே.

அதோடு உன் உம்மாவுக்கு அன்றைக்கு இலேசான தடிமல். வான்காரரிடம் அப்படித்தான் சொன்னேன்.

கோபிக்காதே. டிசம்பர் இருபத்தாறு முடிந்த கையோடு நான் கூட்டிவருகிறேன். அன்றைக்கு நான் கயிற்றை இழுக்கிற இழுவையில் சிங்கம் கொடியை விட்டே பாய்ந்து பொத்துவில் வரை ஓடும், நீயே பேப்பரில் பார். கம்பத்துக்கு வெள்ளை அடித்தாயிற்று. கடலில் தோணி போகிறவர்களுக்கும் தெரிகிறதாம்.

உன் உம்மா நல்லாத்தான் இருக்கிறா. வீட்டுக்குள் அவ நடக்கிற நடையைப் பார்த்தால் கண்ணில் குறை என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

உன் மாமா
கச்சிமுகம்மது


தெஹிவளை
07.11.2024

மாமாவுக்கு,

ஸலாம்.

உம்மாவுக்குத் தடிமல் இருக்கவில்லை. கேட்டேன். வான் வந்ததும் தெரியாது, திகதியும் தெரியாது. "என்ன திகதி புள்ள?" என்றா.

அவ வீட்டுக்குள் சரியாக நடப்பது பார்த்து அல்ல, மாமா. இருபது வருடம் அதே வீட்டில் நடந்ததால்.

முந்தாநாள் பகல் போனில், "மழை இருட்டாக் கிடக்கு, உடுப்பு காயாது" என்றா. பக்கத்து வீட்டில் இருக்கிற பஸ்லியாவிடம் கேட்டேன். அங்கே நல்ல வெயிலாம்.

நபீலா


கல்முனைக்குடி
28.12.2024

மருமகள் நபீலாவுக்கு,

ஸலாம். உனக்கு மகள் கிடைத்த செய்தி உன் உம்மா சொல்லித்தான் தெரியும். அல்லாஹ் நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும். உன் கடைசிக் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தேன், வேடிக்கையாக ஒன்றும் வரவில்லை.

விழா நடந்தது. சனம் கொஞ்சம்தான். லட்சம் பேர் என்று எழுத நினைத்தேன். முந்நூறு கதிரை போட்டார்கள், பாதி காலி.

ஹாஜியார் ஒலிபெருக்கியில், "துக்கத்துக்குத் தலைகுனியாத கொடி" என்று தொடங்கி நீளமாகப் பேசினார். உன் உம்மா பீடத்தின் அடியில் நின்றா, வெள்ளை முக்காடு போட்டு. நான் புதுச் சட்டையோடு கயிற்றை இழுத்தேன். கொடி உச்சிக்குப் போனது. கையைத் தட்டினார்கள். நான் கயிற்றைக் கட்டக் குனிந்தேன்.

அரச கந்தோரிலிருந்து வந்திருந்த பொடியன் ஒருவன் மெதுவாகக் கிட்ட வந்தான். "காக்கா, இனி அரைவாசிக்கு இறக்குங்க. அதுதான் முறை. உச்சிக்கு ஏத்திப்போட்டு இறக்கணும்."

"இது அரைவாசியில நிக்கிற கொடி இல்ல, தம்பி."

"நாடு முழுக்க இண்டைக்கு அரைக்கம்பம் காக்கா. பெரியவர் பாத்துக்கொண்டு நிக்கிறார்."

அவனில் பிழை இல்லை. மரியாதையாகத்தான் சொன்னான். நான் உன் உம்மாவைப் பார்த்தேன். இப்போது அவ கத்துவா, கயிற்றில் பாய்வா, பெரியவரின் முன்னால் ரகளையாகும் என்று பார்த்தேன். ஆனாலும் கயிற்றை விட்டேன். கொடி இறங்கி இறங்கி அரைவாசியில் வந்து நின்றது.

உன் உம்மா அசையவில்லை. கொடியின் நிழல் அவவுடைய முகத்தில் விழுந்து விழுந்து போகிறது. அவ அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது பழைய குழாயை. அதில் ஒன்றும் இல்லை.

"திரும்பக் கயிறு ஓடுற சத்தம் கேக்குதே காக்கா" என்றா. "உச்சியிலதானே நிக்குது?"

வெயில், நபீலா. அப்படி ஒரு வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

"ஓம் உம்மு. உச்சியில" என்றேன்.

பிறகு எல்லாரும் போய்விட்டார்கள். எவ்வளவு நாளாக இப்படி என்று கேட்டேன். ஐப்பசி மழைக்கு முதலே என்றா. கையால் தடவித்தான் முடிச்சுப் போடுகிறாவாம். நான் முற்றத்துக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிறேன். ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"கொழும்புக்குப் போ உம்மு. கொடிய நான் ஏத்துறன். ஒரு நாளும் தவற விட மாட்டேன்" என்றேன்.

"அப்ப சரி காக்கா" என்றா. எழும்பிப் போய் உடுப்பு மடிக்கத் தொடங்கிவிட்டா.

அடுத்த கிழமை வருகிறோம்.

மாமா


தெஹிவளை
02.02.2025

அன்புள்ள மாமாவுக்கு,

ஸலாம். நீங்கள் சுகமாகப் போய்ச் சேர்ந்ததாகப் பஸ்லியா சொன்னா. உம்மாவைக் கொண்டுவந்து விட்ட அன்றைக்கு நீங்கள் ஒரு பகிடியும் விடாமல் கதிரையில் இருந்துவிட்டுப் போனது எனக்கு என்னவோ போலிருந்தது.

ஒப்பரேஷன் முடிந்தது. வலது கண்ணில் ஒன்றும் இல்லை. இடது கண்ணில் வெளிச்சம் தெரியும், ஆள் நின்றால் நிழல் தெரியும், அவ்வளவுதான். முன்பே வந்திருந்தால் முகம் தெரிகிற அளவுக்காவது இடது கண்ணைப் பிடித்திருக்கலாம் என்றார் டொக்டர். யாரையும் குறை சொல்லிச் சொல்லவில்லை, நான் கேட்டதற்குச் சொன்னார்.

உம்மா பிள்ளையை மடியில் வைத்து விரலால் முகத்தைத் தடவுகிறா. நெற்றி, மூக்கு, வாய் என்று. "மூக்கு உன்ட வாப்பாட மாதிரி இரிக்கி" என்றா. பிறகு, "நிறம் என்ன புள்ள?" என்று கேட்டா.

என்னால் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். ஏன் உம்மா, அவ்வளவு தரம் கூப்பிட்டும் வரவில்லையே, டிசம்பரில் மட்டும் எப்படிச் சம்மதித்தீர்கள் என்று. உம்மா சொன்னது இது: "நீங்க எல்லாரும் இறக்கு இறக்கு எண்டுதானே நிண்டீங்க. நான் ஏத்துறன் நீ போ எண்டு ஒருத்தரும் சொல்லல்லயே."

றம்ஸீன் வான் கொண்டுபோன அன்றே உம்மா அதைத்தான் கேட்டிருக்கிறா, மாமா. யார் ஏற்றுவது என்று. நான் அதை அடம் என்று நினைத்தேன். உங்களுக்கு எழுதிய கடிதங்களிலும் இறக்குங்கள் என்றுதான் எழுதினேன். நாலு வீடு தள்ளி ஒருவரிடம் சொல்லி ஏற்றச் சொல்லியிருக்கலாம். பஸ்லியாவே ஏற்றியிருப்பா. உங்களை மட்டும் நான் கோபிக்க இனி ஏலாது.

கீழே இருப்பது உம்மா சொல்லச் சொல்ல எழுதியது:

"காக்கா, நீங்க நேரத்துக்குச் சாப்பிடுங்க. அண்டைக்குக் கயிறு மேல போய்த் திரும்பக் கீழ வந்தது எனக்குக் கேட்டிச்சு. நீங்க உச்சியில எண்டீங்க. பரவாயில்ல, பெரிய ஆக்கள் வந்திருந்தாங்க. இப்ப உச்சியிலதானே ஏத்துறீங்க? இந்தக் கடிதம் கிடைச்சதில இருந்து ஏத்துற நேரம் போனைக் கம்பத்துக்கிட்டப் பிடிங்க. நான் கேக்கணும்."

நபீலா


கல்முனைக்குடி
20.02.2025

நபீலாவுக்கு,

ஸலாம். பிள்ளைக்கு என் முத்தம்.

இதை உம்மாவுக்கு வாசித்துக் காட்டு: உம்மு, நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். கொடி தினமும் உச்சிக்குப் போகிறது. நீ காதால் கேட்கிறாய்தானே.

இனி எழுதுவதை வாசிக்க வேண்டாம்.

சுபஹுக்குப் பிறகு உன் உம்மாவுக்குக் கோல் எடுத்து, போனைப் பீடத்தில் வைத்துவிட்டு இழுக்கிறேன். உச்சி வரைக்கும்தான் இழுக்கிறேன், அதில் பொய் இல்லை. "சரி காக்கா" என்று அவ வைத்த பிறகு கயிற்றைக் கட்டப் போனால் கை கட்டுதில்லை. முதல் நாள் வயசு என்று நினைத்தேன். இரண்டாம் நாளும் அப்படித்தான். கயிற்றை மெல்ல விட்டேன். அரைவாசியில் வந்ததும் கை தானாகக் கட்டியது.

யோசித்துப் பார்த்தேன். பஹ்மிக்காக நம் வீட்டில் ஒருவரும் வாய்விட்டு அழுததில்லை. கொடி ஏறி நிற்கிற வீட்டில் எப்படி அழுவது? உன் வாப்பாவும் அழாமல்தான் போய்ச் சேர்ந்தார். நான் ஊர் முழுக்கப் பகிடி விட்டுக்கொண்டு திரிந்தேன்.

இப்போது பீடத்தில் இருந்து அழுகிறேன். வெயில் ஏறும்வரைக்கும். பிறகு எழும்பி முகம் கழுவிக்கொள்கிறேன்.

தொழுதுவிட்டுக் கடற்கரைப் பக்கம் போகிறவர்கள் கொடியைப் பார்த்துவிட்டு வேலியோரம் நிற்கிறார்கள். "என்ன காக்கா, அரைவாசியில நிக்குது, ஆரு மௌத்து?" என்று கேட்கிறார்கள்.

"தங்கச்சிட மகன்" என்கிறேன்.

"இன்னா லில்லாஹி" என்கிறார்கள். "எப்ப காக்கா?"

"இப்பதான்" என்று சொல்லிவிடுகிறேன்.

மாமா